ஈவோ முகமா, சொந்த முகமா? பழைய லான்சருக்கு வேறு மாடல் பேனல் போடுவதற்கு முன்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் ஆறாம் மாடியில் இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு வந்து கதவைத் தட்டினார். அவருடைய லான்சர் இஎக்ஸ் 1.5 கார் பார்க் தூணில் இடித்துவிட்டது. இடது மட்கார்ட் மடங்கிப் போச்சு, பம்பரின் மூலை கிழிந்து தொங்குது, பானெட்டின் ஓரமும் லேசாகத் தூக்கி நிற்குது என்று போனில் படம் காட்டினார். அப்புறம் கேட்டார்: “அண்ணே, எப்படியும் முன்பக்கம் மூணு பேனல் மாத்தணும். அதுக்கு ஈவோ 10 முகத்தையே வாங்கிப் போட்டுட்டா என்ன?”

நியாயமான கேள்வி. ஈவோ என்பது மிட்சுபிஷி லான்சரின் வேகமான, அகலமான வடிவம்; ஈவோ 10 அதன் பத்தாம் பதிப்பு. லான்சர் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு நாளாவது இந்த ஆசை வந்திருக்கும். எனக்கும் வந்தது. இரண்டு கார்களில் இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் பணமும் ஆறு மாதமும் போயின. இன்னொன்றை இன்றைக்கும் தினமும் ஓட்டுகிறேன், கார் பார்க்கில் நிறுத்திவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் லிஃப்ட்டுக்குப் போவதில்லை. தம்பியிடம் அன்று சொன்னதையும், அன்று சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. காரின் முன்பக்கத்தில் பானெட், இரண்டு மட்கார்ட், பம்பர், விளக்கு எல்லாமே போல்ட்டிலும் கிளிப்பிலும் நிற்பவை. ஸ்பேனர் இருந்தால் ஒரு மத்தியானத்தில் கழற்றிவிடலாம். கதவும் கீலில் போல்ட் போட்டு நிற்பதுதான். ஆனால் முன்கண்ணாடியைத் தாங்கும் தூண், கூரை, பின்சக்கரத்துக்கு மேலே வளைந்து வரும் பின் மட்கார்ட் ஆகியவை பற்றவைத்த தகடுகள், காரின் எலும்போடு ஒட்டியவை. நீங்கள் எந்த மாடலிலிருந்து பேனல் கொண்டுவந்தாலும், அது கடைசியில் இந்தக் கழற்ற முடியாத உடம்போடு எங்கேயாவது சேர்ந்தாக வேண்டும். முன் மட்கார்டுக்கு அந்த இடம் முன் கதவின் விளிம்பும் கண்ணாடித் தூணின் அடியும். பேனல் வாங்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். செலவு கூடுவதும் மனம் நோவதும் அந்த இடத்தில்தான். பேனலின் விலை பிற்பாடு வரும் கணக்கு.

இந்தக் கணக்கில் எல்லா மாடலும் ஒன்றில்லை. கொடுக்கும் காருக்கும் வாங்கும் காருக்கும் என்ன உறவு என்று பாருங்கள். ஒரே கார், நடுவில் கம்பெனி முகத்தை மட்டும் மாற்றியிருக்கிறது என்றால் வேலை சுலபம். சுபாரு இம்ப்ரெசாவின் இரண்டாம் தலைமுறை 2000இல் வட்ட விளக்கோடு வந்தது. 2002 கடைசியில் முகம் மாறியது, 2005இல் மறுபடியும் மாறியது. உடம்பு ஒன்றே என்பதால் பானெட், மட்கார்ட், விளக்கு, பம்பர் என்று முழு செட்டாக எடுத்தால் பழைய காருக்குப் புது முகம் வந்துவிடும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: அந்தத் தலைமுறையில் செடான் அகலம், வேகன் குறுகல். செடானின் மட்கார்டை வேகனில் போட்டால் பம்பர் ஒத்துவராது. 1995இல் வந்த ஹோண்டா சிவிக்குக்கு 1998இல் புது முகம் வந்தபோதும் இதே கதைதான். விளக்கை மட்டும் வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்தவர்கள் பிறகு பானெட்டையும் பம்பரையும் தேடி அலைந்தார்கள். முக மாற்றத்தைச் செட்டாக வாங்க வேண்டும், தவணை முறையில் வாங்கக் கூடாது.

அடுத்தது அண்ணன் தம்பி கார்கள். நிசான் சில்வியாவும் 180எஸ்எக்ஸும் அப்படித்தான். கதவு வரைக்கும் ஒரே உடம்பு, முகமும் முதுகும் வேறு. 180எஸ்எக்ஸில் விளக்கு மேலெழும்பும். முன்பக்கம் இடித்துக்கொண்டவர்கள் எடை குறைவான, எளிமையான சில்வியா முகத்தை அதில் மாட்டினார்கள். ஜப்பானில் அந்தக் கலவைக்கு ‘சில்எய்ட்டி’ என்று பெயரே வந்துவிட்டது. 1998இல் கிட்ஸ் ஹார்ட் என்ற கடை அதைப் புதுக் காராகவே செய்து விற்றது. கதவில் சேரும் கோடு இரண்டிலும் ஒன்றாக இருந்ததால்தான் அது நடந்தது.

லான்சரும் ஈவோவும் அண்ணன் தம்பிதான், ஆனால் அண்ணன் ஈவோவுக்கு மார்பு அகலம். ஆறாம் மாடித் தம்பியின் லான்சர் இஎக்ஸ் 1,760 மில்லிமீட்டர் அகலம். ஈவோ 10 1,810. வித்தியாசம் 50, பக்கத்துக்கு 25. என் முந்தைய கார் 2003 லான்சர். அந்தத் தலைமுறையில் இடைவெளி இன்னும் பெரிது: லான்சர் 1,695, ஈவோ 8 1,770. அந்த 75 மில்லிமீட்டரைத்தான் நான் அன்று குறைத்து மதிப்பிட்டேன்.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பி முதலில் கொண்டுவந்த யோசனையும் அதுவே: ஃபைபர் காப்பி. ஈவோ மட்கார்டை அச்சு எடுத்து கண்ணாடி நாரில் வார்த்தது. விலை பாதிகூட இல்லை, எடையும் குறைவு. நான் பானெட்டும் இரண்டு மட்கார்டும் பம்பரும் வாங்கினேன். பட்டறையில் மாட்டிப் பார்த்த அன்றே இடது மட்கார்டின் துளைகள் மூன்று போல்ட்டுக்கு ஒத்துவரவில்லை. அரம் வைத்துத் துளையை நீட்டினார்கள். கதவுப் பக்கம் மேலே ஒட்டி நின்றது, கீழே விரல் நுழைந்தது. அதை மறைக்கப் பட்டி வைத்து மெழுகினார்கள். ஸ்ப்ரே முடிந்து வெளியே வந்தபோது கண்ணைப் பறித்தது, உண்மை. நான் நிறுத்துவது பல மாடி கார் பார்க்கின் மேல்தளம். கூரை கிடையாது. மூன்றாம் மாதம் பானெட்டின் நடுப்பகுதி மேலே உப்ப ஆரம்பித்தது. ஃபைபர் வெயிலில் ஒரு அளவில் விரியும், அடியில் இருக்கும் சட்டம் வேறு அளவில் விரியும். நாலாம் மாதம் கதவுப் பக்கத்தில் பட்டி வெடித்து முடி போல ஒரு கோடு ஓடியது. ஒரு நாள் தீவு விரைவுச்சாலையில் 90இல் போகும்போது பானெட்டின் முன்விளிம்பு துடிப்பதைப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டித் திறந்து பார்த்தால், கொண்டி பிடிக்கும் வளையத்தை ஃபைபரில் இரண்டு சிறு திருகு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு திருகு பாதி வெளியே வந்திருந்தது. பின்சீட்டில் என் மகள் இருந்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன், பானெட் என்றால் உலோகம் மட்டும்தான்.

ஃபைபரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பம்பரின் உதடு, கதவுக்கு அடியில் ஓடும் சைட் ஸ்கர்ட் போன்ற இடங்களில் அது நன்றாகவே உழைக்கிறது. பந்தயத்துக்கு மட்டும் போகும் காரில் பானெட்டுக்கு நாலு மூலையிலும் பூட்டு ஊசி போட்டு ஓட்டுகிறார்கள், அதுவும் சரி. குடும்பத்தோடு போகிற காரில், காற்று நேராக அடிக்கிற இடத்தில், ஒற்றைக் கொண்டியை நம்பி நிற்கும் பேனலுக்கு அது வேண்டாம்.

இப்போது உண்மையான ஈவோ முகத்துக்கு வருவோம். எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவில் ஹாஃப் கட் கடைகள் இருப்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டுக் காரை நடுவில் அறுத்து முன்பாதியாகக் கொண்டுவந்து விற்பார்கள். அங்கே ஈவோ 10 முன்பக்கம் கிடைத்தால், அது இரும்புக் காப்பியா என்று பார்க்க ஒரு எளிய வழி: வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஈவோ 10இன் பானெட், முன் மட்கார்ட் இரண்டும் அலுமினியம், காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்புக் காப்பி. இரும்பு மட்கார்ட் வாங்கும்போதும் அதே காந்தத்தை மேலே நகர்த்திப் பாருங்கள். எங்கே பிடி தளர்கிறதோ அங்கே அடியில் பட்டி கனமாக இருக்கிறது.

அலுமினியம் எடை குறைவு, துரு பிடிக்காது, நல்லதுதான். ஆனால் நம் ஊர் ஈரத்தில் அலுமினியமும் இரும்பு போல்ட்டும் நேராகத் தொட்டுக்கொண்டு இருந்தால், தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நடுவில் பிளாஸ்டிக் வாஷர் வேண்டும், அசல் காரில் எப்படிப் பூசிய போல்ட் இருந்ததோ அதையே கேட்டு வாங்க வேண்டும். நெளிவு எடுப்பதிலும் கவனம் தேவை. இரும்பு போல அது சுலபமாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பாது, அதிகம் தட்டினால் கிழியும். இரும்பைத் தேய்த்த அதே தாளில் அலுமினியத்தைத் தேய்க்கக் கூடாது என்று தெரிந்த பட்டறையாகப் பாருங்கள்.

பிறகு அகலம். முன்பக்கம் மட்டும் ஈவோ, பின்பக்கம் லான்சர் என்றால் கார் முன்னால் 25 மில்லிமீட்டர் ஒவ்வொரு பக்கமும் புடைத்து, பின்னால் ஒடுங்கி நிற்கும். நேரே நின்று பார்த்தால் தெரியாது, பின்னால் ஒரு மூலையில் சாய்வாக நின்று பார்த்தால் தெரியும். சக்கரமும் உள்ளே போய் நிற்கும். உடனே சக்கரத்துக்கு உள்பக்கம் ஸ்பேசர் என்ற தடித்த வளையம் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளலாமா என்று தோன்றும். அப்படித் தள்ளினால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தினால் வாகனச் சோதனையில் தேற மாட்டீர்கள். பின்பக்கத்தையும் ஈவோ அகலத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பின் மட்கார்டை அறுத்து வேறு தகட்டைப் பற்றவைக்க வேண்டும். 1.5 லிட்டர் லான்சருக்கு அதைச் செய்யச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காரின் எலும்பில் கை வைப்பது அது. அறுத்த இடத்தில் ஈரம் புகுந்தால் துரு உள்ளிருந்து தின்னும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஈவோ முகத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சின்னச் சின்னச் செலவுகள் இருக்கின்றன. ஈவோ பம்பரின் நடுவில் பெரிய வாய். அசல் காரில் அங்கே டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் உட்கார்ந்திருக்கும். நம் காரில் அது இல்லை, அதனால் ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் நேராகச் சாலையைப் பார்க்கும். லாரிக்குப் பின்னால் போகும்போது தெறிக்கும் ஒரு கல் போதும். வலை ஒன்று போட்டே ஆக வேண்டும். மட்கார்டுக்கு உள்ளே சக்கரத்தைச் சுற்றி வரும் கறுப்பு பிளாஸ்டிக் மறைப்பும் அகலம் மாறினால் ஒத்துவராது. அதைப் போடாமலே காரைக் கொடுத்துவிடும் பட்டறைகள் உண்டு. டிசம்பர் மழையில் டயர் வாரி இறைக்கும் நீர் நேராக ஒயரிங்கில் போய் அடிக்கும். அதனால் ஹாஃப் கட் வாங்கும்போது அந்த மறைப்பையும் கிளிப்பையும் பிராக்கெட்டையும் சேர்த்தே கேளுங்கள். தனியாகத் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை நோகும்.

ஒன்றே ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பம்பருக்கு உள்ளே குறுக்கே ஓடும் உலோகச் சட்டம் இடிபடும்போது உங்களைக் காப்பது. வேறு மாடல் பம்பர் உட்காரவில்லை என்பதற்காக அதன் முனையை அறுக்கலாம் என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காற்றுப் பையைத் தூண்டும் சென்சாரும் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. அதை இருந்த இடத்திலிருந்து ஒரு அங்குலம்கூட நகர்த்தக் கூடாது.

சரி, மூன்றாவது வழி. இது பலருக்குத் தோன்றாதது. மலேசியாவில் 2010இலிருந்து சில ஆண்டுகள் விற்ற புரோட்டோன் இன்ஸ்பிரா, லான்சர் இஎக்ஸின் உடம்பையே எடுத்துக்கொண்ட கார். கிரில்லும் பம்பரும் வேறு, மட்கார்டும் பானெட்டும் அதே அச்சு. நம் ஊரில் லான்சர் மட்கார்ட் தேடி அலைபவர்கள் இன்ஸ்பிரா என்று கேட்டால் ஜோகூரில் எடுத்துத் தருவார்கள். வேறு பெயர் பொறித்த காரிலிருந்து வந்தாலும் கதவில் சேரும் கோடு ஒரு இழை பிசகாது. தம்பியின் மடங்கிய மட்கார்டுக்கு இதைவிட நேரான மருந்து எனக்குத் தெரியாது.

நாலாவது, நான் இப்போது ஓட்டும் 2009 லான்சர் இஎக்ஸில் செய்திருப்பது. ஈவோவின் கூடுதல் அகலம் முழுக்க மட்கார்டிலும் பம்பரிலும்தான் இருக்கிறது. பானெட்டும் விளக்கும் அந்த அகலத்துக்கு உட்பட்டவை, அவற்றின் வடிவம் இரண்டு காரிலும் ஒன்றே. ஆகவே ஈவோ பானெட்டை மட்டும் போட்டு, மட்கார்டை அசலாகவே வைத்துக்கொண்டு, லான்சரின் அகலத்துக்கென்றே செய்த பிளாஸ்டிக் பம்பரை முன்னால் மாட்டினால் காரின் தோள் எங்கும் உடையாது. பம்பர் ஃபைபராக இல்லாமல் வளையும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கார் பார்க் சரிவில் அடி உரசினால் ஃபைபர் விரிசல் விடும், பிளாஸ்டிக் வளைந்து திரும்பும். ஈவோ பானெட்டில் காற்றுத் துளைகள் உண்டு. மழை அதன் வழியே இஞ்சின் மேல் சொட்டாமல் அடியில் தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விளக்கில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஈவோவின் ஜினான் விளக்கை ஹாலஜன் காரில் மாட்டினால் ஒயரிங் வேலை ஒரு பக்கம், காரோடு வராத விளக்கு என்று சோதனையில் வரும் சிக்கல் இன்னொரு பக்கம்.

சட்டம் பற்றி. நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியவை, கூடவே கூடாதவை. அதன் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது, வாங்குவதற்கு முன் பாருங்கள், வாங்கிய பிறகு பார்க்காதீர்கள். சட்டத்துக்குப் புறம்பான மாற்றத்துக்கு முதல் முறை 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும் என்பதால், இன்று தப்பினாலும் அடுத்த ஆண்டு அதே வாசலில் நிற்க வேண்டியிருக்கும். நிறத்தை மாற்றினால் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் பார்ப்பது, காகிதத்தில் இருக்கும் காரும் எதிரே நிற்கும் காரும் ஒன்றா என்பதை.

இன்னொரு கணக்கு நம் ஊருக்கே உரியது: வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது காரை வைத்திருக்க அரசு தரும் தவணை அனுமதி, இன்னும் எத்தனை ஆண்டு? தம்பியின் கார் 2010இல் பதிவானது, 2020இல் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார். 2030 வரை ஓடும், வேண்டுமானால் மறுபடியும் புதுப்பிக்கலாம். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தவருக்கு அந்த வழி இல்லை, தவணை முடிந்தால் கார் போய்விடும். ஐந்து ஆண்டுச் சான்றிதழில் கடைசி இரண்டு ஆண்டு இருப்பவர் முழு ஈவோ முகத்துக்குச் செலவழித்தால், அந்த அழகை அனுபவிக்கக் கிடைப்பது அவ்வளவுதான். பதினான்கு வயது தாண்டிய காருக்குச் சாலை வரி 50 விழுக்காடு கூடுதல் என்பதையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள்.

ஜோகூரில் வாங்கி வரும்போது வரியை மறக்காதீர்கள். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால் 100 வெள்ளிக்குத்தான் விலக்கு, அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 600 வெள்ளிக்குப் பேனல் வாங்கினால் 500க்கு வரி, 45 வெள்ளி. வேலை அனுமதிச் சீட்டு, எம்ப்ளாய்மென்ட் பாஸ் போன்றவற்றில் இருப்பவர்களுக்கு அந்த 100 வெள்ளி விலக்கும் கிடையாது, முழுத் தொகைக்கும் கட்ட வேண்டும். ரசீது வாங்கிக்கொண்டு சுங்கத்துறை ஆப்பிலேயே முன்கூட்டிக் கட்டிவிட்டால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிம்மதியாக வரலாம். சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்டிப் போகும்போது பெட்ரோல் முக்கால் டேங்க் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பேனல் ஏற்றுவதற்காக நண்பரின் வேனை இரவல் வாங்கியவர் ஒருவர் அதை மறந்து திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பேனல் கைக்கு வந்ததும் நேராக ஸ்ப்ரேக்கு அனுப்பிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. முதலில் நிறம் பூசாமலே மாட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு வேலை செய்துகொடுத்த பாசிர் கூடாங் அண்ணன் இதில் கெட்டிக்காரர். அவர் முறை இது: எல்லா போல்ட்டையும் அரைச் சுற்று தளர்வாக வைப்பார். முதலில் மட்கார்டைக் கதவோடு சேர்ப்பார், பானெட் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து பேருந்துக்கும் ரயிலுக்கும் தட்டும் பழைய ஈசிலிங்க் அட்டைகளை எடுப்பார். ஐந்து அட்டையை அடுக்கினால் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். அந்த அடுக்கைக் கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வருவார். எங்கேயும் சிக்காமல், எங்கேயும் ஆடாமல் வர வேண்டும். வலது பக்கம் கீழே சிக்கியது. போல்ட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்து மறுபடி இழுத்தார். அப்புறம் கதவை மெதுவாக முழுக்கத் திறந்தார். மூடியிருக்கும்போது சரியாக இருக்கும் மட்கார்ட், கதவு திறக்கும்போது விளிம்பில் உரசுவது உண்டு. ஸ்ப்ரே முடிந்த பிறகு அது தெரிந்தால் இரண்டு பேனலும் போச்சு. கதவு முடிந்ததும் பானெட், அதற்குப் பிறகு விளக்கு, கடைசியில் பம்பர். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, பம்பரில் தொடங்கிக் கதவில் வந்து முடிக்கும் பட்டறையில் எல்லாப் பிசகும் சேர்ந்து கதவில் வந்து நிற்கும்.

ஸ்ப்ரே செலவு பேனல் செலவைத் தாண்டும். இதற்குத் தயாராக இருங்கள். பதினைந்து வருட வெயில் பட்ட நிறமும் டப்பாவிலிருந்து வரும் நிறமும் ஒன்றாக இருக்காது. அதனால் புது மட்கார்டின் நிறத்தைப் பக்கத்துக் கதவு வரை இழுத்துக் கரைக்க வேண்டும். மூன்று பேனல் மாற்றினால் ஐந்து பேனலுக்கு ஸ்ப்ரே என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை என்றால் பிழைத்தீர்கள். வெள்ளிநிறமோ முத்துநிறமோ என்றால் உலோகத்தில் ஒரு சாயலும் பிளாஸ்டிக் பம்பரில் இன்னொரு சாயலும் தெரியும், கைதேர்ந்தவர் வேண்டும். பேனலின் உள்விளிம்புகளைக் கழற்றிய நிலையிலேயே பூசச் சொல்லுங்கள். ஈரம் உள்ளே போவது அந்த வழியாகத்தான்.

கழற்றிய அசல் பேனலை மட்டும் விற்றுவிடாதீர்கள். நெளிந்தது போகட்டும், நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் கேள்வி வந்தாலோ, காரை விற்கும்போது வாங்குபவர் அசல் முகம் கேட்டாலோ உடனே மாட்டலாம். தாழ்வாரத்தில் வைக்க முடியாது, அங்கே 1.2 மீட்டர் வழி விட வேண்டும். என்னுடைய லான்சர் பானெட் பழைய போர்வையில் சுற்றி, வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரில் (குண்டுக் காப்பறையில்) அரிசி மூட்டைக்குப் பின்னால் நிற்கிறது. வீட்டில் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது பழகிவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு தம்பி, “அப்போ ஈவோ வேணாங்கறீங்களா?” என்று கேட்டார். அப்படி இல்லை. அசல் ஈவோ முன்பக்கம் மறைப்பு, பிராக்கெட் எல்லாவற்றோடும் கிடைத்து, சான்றிதழில் ஏழெட்டு ஆண்டு இருந்து, பின்பக்க ஒடுக்கத்தைக் கண் ஏற்றுக்கொள்ளும் என்றால் செய்யலாம், நன்றாகவே இருக்கும். உங்கள் காருக்கு என் தேர்வு வேறு: இடது மட்கார்டுக்கு இன்ஸ்பிரா, பானெட் எப்படியும் மாற்ற வேண்டும் என்பதால் அதற்கு ஈவோவின் அலுமினியம், முன்னால் லான்சர் அகலத்துக்கான பிளாஸ்டிக் பம்பர். வலது மட்கார்டைத் தொடவே வேண்டாம், அதற்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் ஜோகூருக்குப் போனோம். மட்கார்ட் முதல் கடையிலேயே கிடைத்தது, கறுப்பு நிறம், காந்தம் மேலிருந்து கீழ்வரை ஒரே பிடியாகப் பிடித்தது. பானெட் இரண்டாம் கடையில் ஒன்று இருந்தது. கொண்டி வளையத்துக்குப் பக்கத்தில் பற்றவைத்த தழும்பு தெரிந்ததால் விட்டுவிட்டோம். வேறொன்று வரும்போது கூப்பிடுவதாகக் கடைக்காரர் எண்ணை வாங்கிக்கொண்டார். மட்கார்டை நேற்று நிறம் பூசாமலே கதவோடு சேர்த்துப் பார்த்தோம். ஐந்து அட்டையும் மேலிருந்து கீழே தடையில்லாமல் வந்தன.